யார் கெடுத்தது என்று கேட்காதவர்

அந்த ஊரில் எந்தப் பட்டறையானாலும் சரி, மோட்டார் சைக்கிளில் ஒரு திருகாணியின் தலை மழுங்கி வேலை நின்றுவிட்டால், மெக்கானிக் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொல்வார்: "மறைக்காரர்கிட்ட கொண்டு போங்க." திருகாணியின் உடம்பைச் சுற்றி ஓடும் புரிக்குத் தொழிலில் மறை என்று பெயர். அது அழிந்த இடத்தில்தான் இவருக்கு வேலை. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே கொஞ்சம் யோசிப்பார்.

"மறை கழண்ட கேஸெல்லாம் அவர்கிட்டதான் போகுது. வண்டியும் சரி, ஆளும் சரி" என்பார் எதிர்ச்சாரியில் பஞ்சர் ஒட்டுகிறவர்.

"நீ எப்ப வர்றே?" என்பார் மறைக்காரர், நிமிர்ந்தும் பார்க்காமல்.

பட்டறை என்று தனியாக ஒன்றும் இல்லை. வீட்டின் முன்னறைக்கு ஷட்டர் போட்டிருந்தார், அவ்வளவுதான். உள்கதவைத் திறந்தால் அடுப்படி. பெட்ரோல் நாற்றம் எந்த இடத்தோடு நிற்க வேண்டும் என்பதில் அவருக்கும் மனைவிக்கும் கல்யாணமான நாளிலிருந்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. வீடு மலை உச்சியில். வாசலைத் தாண்டிய சாலை கொஞ்ச தூரம் சமமாக ஓடிவிட்டு, பிறகு வளைந்து வளைந்து கீழே நகரத்துக்கு இறங்கும். மகளைக் கட்டிக்கொடுத்திருந்தது அந்த நகரத்தில்தான்.

மழுங்கிய திருகாணி வந்தால் மறைக்காரர் சட்டென்று கை வைக்க மாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சும்மா பார்ப்பார். வண்டிக்காரர் பொறுமை இழந்து, "என்னங்க, அதோட பேச்சுவார்த்தையா நடத்துறீங்க?" என்று கேட்டால், "வரமாட்டேங்குது. ஏன்னு தெரிஞ்சுக்க வேணாமா?" என்பார். துரு பிடித்ததா, யாராவது வெறியோடு முறுக்கியதா, பசை போட்டு இறுக்கியதா? துருவென்றால் எண்ணெய் விட்டுக் காத்திருப்பார். முறுக்கியதென்றால் தலையில் சுத்தியலால் நாலு தட்டு. பசை சூட்டுக்குத்தான் பயப்படும், அதற்குச் சூடு காட்டுவார். கழற்றும் முன் ஒரு மயிரிழை இறுக்கிப் பார்ப்பார். பிடித்த பிடி எந்தப் பக்கம் அசைந்தாலும் அவருக்கு லாபம்தான்.

ஆனால் பட்டறைக்காரர்கள் அவரைத் தேடி வந்ததற்குக் கைத்திறன் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அவருடைய வாய். யார் கெடுத்தது என்று அவர் கேட்க மாட்டார். பொருந்தாத டிரைவரை வைத்துத் திருகியதா, கோபத்தில் திருகியதா, முதல் தடவையிலேயே வழுக்கியதா, வழுக்கிய பிறகும் விடாமல் கடைந்ததா எல்லாம் அந்தத் தலையில் எழுதியிருக்கும். அவர் படித்துக்கொள்வார். எதிரே நிற்கிறவர், "வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்று கூசாமல் சொல்வார். "அப்படியா" என்பார் மறைக்காரர். கேட்டால் பொய் சொல்வார்கள், பொய் சொன்னவர்கள் மறுபடி வர மாட்டார்கள் என்பது அவர் கண்ட கணக்கு. அடுத்தவர் மானம் அவர் வாயில் பத்திரமாக இருந்தது.

ஒரே ஒரு தடவை வாய் தவறியது. அதுவும் சொந்த மாப்பிள்ளையிடம்.

மாப்பிள்ளைக்குப் பாத்திரக் கடையில் வேலை. மறைக்காரர் மகளைக் கட்டிய நாளிலிருந்து கடையில் உள்ளவர்கள், அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லாரும், "உங்களுக்கென்ன, மறைக்காரர் மருமகன்" என்று சொல்லிச் சொல்லி, ஸ்பேனரைத் தொடாத அந்தக் கைக்கும் ஓர் ஆசையைக் கொடுத்துவிட்டார்கள். டூல் பெட்டி வாங்கினார். வீடியோ பார்த்தார். எதையும் வெளியே கொடுக்காமல் தானே செய்ய ஆரம்பித்தார். ஒருமுறை, வண்டியின் கண்ணாடியை இறுக்கப் போய், காம்பையே முறித்து எடுத்துக்கொண்டு மாமனார் வீட்டுக்கு வந்தார். மறைக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். "மாப்பிள்ளை, இது கண்ணாடி, கரும்பு இல்லை!" பஞ்சர்க்காரர் வேறு வந்து சேர்ந்துகொண்டு சிரித்தார்.

மாப்பிள்ளை தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். அதற்கப்புறம் மகள் வருவது நின்றுபோனது. போனில் அம்மாவிடம் மட்டும் பேசுவாள். பின்னால் யாரோ நிற்கிற மாதிரி, அளந்து அளந்து பேசுவாள்.

"உங்க சிரிப்பு என் பொண்ணை இந்த வாசலுக்கு வர விடாம பண்ணிடுச்சு" என்றாள் மனைவி. 

இத்தனைக்குப் பிறகு, ஒரு விடுமுறை நாளன்று காலையில், முன்தகவல் எதுவும் இல்லாமல் அவர்கள் வந்தார்கள்.

வண்டி கண்ணில் படும் முன்பே அதன் சத்தத்தை வைத்து மறைக்காரர் ஒன்றைத் தெரிந்துகொண்டார். முன்சக்கரத்தை ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது. எஞ்சின் மூச்சு முட்டி ஏறி வந்தது.

"வாங்க மாப்பிள்ளை. வாம்மா."

மகள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "என்னப்பா, இப்படி இளைச்சுட்டீங்க?"

"எல்லாம் உங்கம்மா சமையல்தான்."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. மகள் சிரித்துக்கொண்டே அடுப்படிக்கு ஓடினாள். வீட்டுக்குள் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. மறைக்காரர் கதவைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றார்.

"மாமா, சின்ன வேலைதான்" என்றார் மாப்பிள்ளை. கைப்பிடியில் இருந்த பிரேக் ஆயில் டப்பாவைக் காட்டினார். மூடியில் இரண்டு சின்னத் திருகாணிகள். இரண்டின் தலையிலும் இருந்த நட்சத்திரப் பள்ளம் கடைந்தெடுத்துக் கிண்ணம் மாதிரி ஆகியிருந்தது. "வாங்குன நாள்லருந்தே இப்படித்தான்."

"அப்படியா" என்றார் மறைக்காரர்.

"பிரேக் பிடிச்சே இருக்கு. வர வர வண்டி இழுக்கவே மாட்டேங்குது."

"முன்னாடி பிரேக் பேடு மாத்துனீங்களோ?"

மாப்பிள்ளை ஒரு கணம் தயங்கினார். "ஆமா. நானே மாத்திட்டேன். பேடு மட்டும்தான் மாமா."

மறைக்காரருக்கு விஷயம் புரிந்தது. தேய்ந்த பேடை எடுத்துவிட்டுப் புதுசு வைக்கும்போது பிரேக் ஆயில் மேலே ஏறும். மூடியைத் திறந்து கொஞ்சம் எடுத்துவிட வேண்டும். திறக்கப் போய்த் தலை மழுங்கியிருக்கிறது. திறக்காமலே பேடை அமுக்கி மாட்டிவிட்டார். டப்பா ததும்பி நிற்கிறது, பிரேக் விடமாட்டேன் என்கிறது. இவ்வளவையும் யோசித்துவிட்டு அவர் சொன்னது: "உள்ள போங்க மாப்பிள்ளை, முகம் கழுவிட்டுச் சாப்பிடுங்க. நான் பாத்துக்குறேன்."

பெட்ரோல் டாங்கின் மேல் ஈரத் துணியைப் போர்த்தினார், பிரேக் ஆயில் சொட்டினால் பெயின்ட்டைத் தின்றுவிடும். இங்கே எண்ணெய் விடவும் கூடாது, பிரேக்குக்கு ஆகாது. முதல் திருகாணியின் பள்ளத்தில் வால்வு தேய்க்கிற பசையில் ஒரு பொட்டு வைத்தார். மணல் மணலாக இருக்கும் பசை, வழுக்குகிற இடத்தில் டிரைவருக்குப் பிடி கொடுக்கும். டிரைவரை நேராக நிறுத்தி மேலே மெல்லத் தட்டினார். மயிரிழை இறுக்கினார். பிறகு திருப்பினார். 'டிக்' என்று விட்டது. இரண்டாவது அதற்கும் மசியவில்லை. அதன் விளிம்பில் சின்ன உளியை வைத்து, சாய்வாகத் தட்டித் தட்டி, திசையைச் சொல்லிக் கொடுத்தார். அதுவும் வந்தது. பசையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மூடியைத் திறந்தார். நினைத்தபடியே ஆயில் விளிம்புவரை நின்றது. ஊசிக்குழலால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார். புதுத் திருகாணிகளைப் போட்டு மூடி, முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டார். சக்கரம் தடையில்லாமல் சுழன்றது.

வேலை முடிந்துவிட்டது. எழுந்திருக்க வேண்டியதுதான்.

அவர் எழுந்திருக்கவில்லை.

சுற்றுகிற சக்கரத்துக்குப் பக்கத்தில், பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரைச் சக்கரத்தைத் தாங்கும் முன்கம்பியோடு சேர்த்துப் பிடிக்கிற போல்ட்டுகள் இரண்டு. மேல் போல்ட்டில் சேறு, கரி, பழைய அழுக்கு. கீழ் போல்ட் பளிச்சென்று இருந்தது. வண்டி முழுக்கத் தூசி படிந்திருக்க, அந்த ஒரு இடத்தை மட்டும் யாரோ துணியைப் பெட்ரோலில் நனைத்து அக்கறையாகத் துடைத்திருந்தார்கள். மறைக்காரர் டார்ச்சை எடுத்தார். போல்ட் தலைக்கு அடியில், நகக்கண் அளவுக்கு, மஞ்சளாக ஏதோ பிதுங்கிக் காய்ந்திருந்தது.

பசை. இரண்டு டியூபைக் கலந்து ஒட்டுவார்களே, அந்தப் பசை.

 பேடு மாற்றிவிட்டு, இந்தப் போல்ட்டை இறுக்கியிருக்கிறார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இறுக்கியிருக்கிறார். உள்ளே இருக்கும் அலுமினிய மறை உருவிக்கொண்டு வந்திருக்கும். அதை வெளியே கொண்டு போனால் எந்தப் பட்டறைக்குப் போனாலும் கடைசியில் யாரிடம் வந்து நிற்கும் என்பது மாப்பிள்ளைக்குத் தெரியும். மாமனாருக்குத் தெரியக் கூடாது என்று பசை ஊற்றி, போல்ட்டைச் சொருகி, பிதுங்கியதைத் துடைத்துவிட்டார். மழுங்கிய தலையைக் காட்டத்தான் வேண்டியிருந்தது, மறைக்க முடியாது. இதை மறைக்க முடிந்தது.

மேலே வரும்போது ஏற்றம். ஏற்றத்தில் பிரேக்குக்குப் பெரிதாக வேலை இல்லை. ஆயில் ததும்பிப் பேடு உரசிய சூட்டுக்கே அந்தப் பசை எவ்வளவு இளகியிருக்கிறதோ. கீழே இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக். பேடு கவ்வுகிற தகடு கொதிக்கும். பசை விட்டுவிட்டால், ஒற்றைப் போல்ட்டில் தொங்கும் காலிப்பர் திரும்பிச் சக்கரக் கம்பிகளுக்குள் மாட்டும். முன்சக்கரம் நின்ற இடத்தில் நிற்கும். உட்கார்ந்திருப்பவர்கள் நிற்க மாட்டார்கள். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றும் இல்லாத அந்தச் சாலையில், பின்சீட்டில் உட்கார்ந்திருப்பது அவர் மகள்.

"என்ன, முடிஞ்சுதா?" மனைவி கையைத் துடைத்துக்கொண்டு கதவருகில் வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "என்னத்தைக் கண்டுபிடிச்சீங்க?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லாமலே இருக்கட்டும். இப்பதான் அந்த மனுஷன் வாய்விட்டுப் பேசுறாரு. அவளும் சிரிக்கிறா. கையெடுத்துக் கும்பிடுறேன், எதையாவது சொல்லி வச்சுடாதீங்க."

"சாப்பிட்டதும் கிளம்புறாங்களா?"

"ஆமா. மழை வர்றதுக்குள்ள இறங்கணுமாம்."

அவள் போய்விட்டாள். மறைக்காரர் ஸ்பேனரை எடுத்துக் கீழ் போல்ட்டில் வைத்தார். லேசாக அழுத்தினார். அசையவில்லை. நல்ல போல்ட்டுக்கு இறுக்கத்திலும் ஒரு துளி துடிப்பு இருக்கும், கைக்குப் பதில் சொல்லும். இது பதில் சொல்லவில்லை. சுவரில் ஸ்பேனரை மாட்டித் திருப்புவது போல இருந்தது.

ஒருவேளை தாங்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. பசைக்காரர்கள் டியூபின் மேல் என்னென்னவோ எழுதுகிறார்கள். மெதுவாகப் போகச் சொன்னால்? பின்பிரேக்கை மட்டும் பிடிக்கச் சொன்னால்? ஏன் என்று கேட்பாரே. உள்ளேயிருந்து மகளின் சிரிப்பு மறுபடி கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் அவர் கை ஸ்பேனரில் நின்றது. அதே சிரிப்புக்காகத்தான் விடவும் முடியவில்லை.

"என்ன மாமா, அங்க என்ன பண்றீங்க?"

மாப்பிள்ளை ஈரக் கையோடு கதவில் நின்றிருந்தார். கண் முதலில் போனது ஸ்பேனருக்கு. பிறகு அது மாட்டியிருந்த இடத்துக்கு. முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் இருந்தவர் போய்விட்டார்.

"சும்மா, இறுக்கமா இருக்கான்னு பாத்தேன்."

"அது நல்லா இருக்கு மாமா. நான் பாத்துட்டேன். அதைத் தொட வேணாம்."

"சரி மாப்பிள்ளை."

"மூடி வேலைக்குத்தான் கொண்டு வந்தேன்."

"சரிங்க."

மகள் ஹெல்மெட்டும் பையுமாக வெளியே வந்தாள். அவள் கையில் அம்மா கட்டிக் கொடுத்த பொட்டலம். "கிளம்பலாமாங்க? அப்பா, அடுத்த மாசம் நீங்க ரெண்டு பேரும் அங்க வர்றீங்க. சொல்லிட்டேன்." அவள் பின்சீட்டில் கை வைத்தாள்.

மறைக்காரர் வாழ்க்கையில் ஒரு வாடிக்கையாளரிடமும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"யாரு கெடுத்தது?"

மாப்பிள்ளை ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார்.

"மாப்பிள்ளை, இந்த மறையைக் கெடுத்தது யாரு?"

"எந்த மறை? என்ன பேசுறீங்க நீங்க? வீட்டுக்கு வர்றப்பல்லாம் ஏதாவது குத்தம் கண்டுபிடிக்கணுமா உங்களுக்கு?"

"அப்பா!" என்றாள் மகள், கெஞ்சுகிற குரலில்.

மறைக்காரர் மூலையில் கிடந்த நீளக் குழாயை எடுத்தார். அதை ஸ்பேனரில் சொருகி உடம்பு எடை முழுவதையும் அதன் மேல் போட்டார். 'படக்' என்று ஏதோ உடைந்தது. இரண்டு சுற்று சுற்றினார். பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, போல்ட்டை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். பழம் பறிக்கிற மாதிரி வந்துவிட்டது. மஞ்சள் பசை, அதற்குள் சுருள் சுருளாகச் சிக்கியிருந்த அலுமினிய மறை. பசையின் ஒரு பக்கம் இன்னும் விரலில் ஒட்டியது.

அதை அவர் மாப்பிள்ளையிடம் நீட்டவில்லை. மகளிடமும் நீட்டவில்லை. வெறுமனே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீட்ட வேண்டிய அவசியம் இல்லை. மறைக்காரர் மகளுக்குப் பார்த்தாலே தெரியும்.

அவள் பின்சீட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"ஏங்க," என்றாள், "வர்றப்பவும் இதுலதானே வந்தோம்?"

"நல்லாத்தானே வந்தோம்" என்றார் மாப்பிள்ளை. "ஒட்டு பிடிச்சிருந்துச்சு. இவரு உடைச்சதாலதான் உடைஞ்சுது. விட்டிருந்தா அப்படியே இருந்திருக்கும்." சாவியை எடுத்து வண்டியில் போட்டார். "இன்னொரு போல்ட் இருக்கு. மெதுவா ஓட்டிக்கலாம். ஏறு."

அவள் அசையவில்லை. மறைக்காரர் அதற்குள் மேல் போல்ட்டையும் கழற்றியிருந்தார். அது ஒவ்வொரு சுற்றுக்கும் 'கிரீச், கிரீச்' என்று நேர்மையாகக் கத்திக்கொண்டு வெளியே வந்தது. காலிப்பர் பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கி ஆடியது. இரண்டு போல்ட்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பஸ் இருக்கு மாப்பிள்ளை" என்றார். "வண்டியை நான் சரி பண்ணி வைக்கிறேன்."

மனைவி கதவில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. புருஷனைத் திட்டவும் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். மாப்பிள்ளை முன்னால். மகள் பின்னால். அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கோபமா, யோசனையா என்று மறைக்காரரால் அந்த முதுகை வைத்துச் சொல்ல முடியவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலையில் உட்கார்ந்தார். அழிந்த துளையைப் பெரிதாகத் துளைத்து, புது மறை வெட்டி, உள்ளே இரும்புக் கம்பிச் சுருளைத் திருகி இறக்கினார். பழையதைவிடப் பலமான மறை. போல்ட்டை மாட்டி இறுக்கினார், கைக்குப் பதில் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். விட முடியவில்லை. பின்சக்கர அச்சு, கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், சங்கிலி என்று ஒவ்வொன்றிலும் ஸ்பேனரை வைத்துப் பார்த்தார். எங்கெல்லாம் அழுக்கு இருந்ததோ அங்கே நிம்மதியாக இருந்தது. எங்காவது துடைத்த மாதிரித் தெரிந்தால் டார்ச்சை அடித்து மறுபடி பார்த்தார். பின்பிரேக் கம்பியில் ஒரு கொண்டை ஊசி இருக்க வேண்டிய இடத்தில் மின்கம்பியை முறுக்கி விட்டிருந்தது. அதையும் கறுப்பு டேப் சுற்றி மறைத்திருந்தது.

டேப்பைப் பிரித்து முடித்தபோது, அவருக்கு மகள் வீட்டுப் படுக்கையறை நினைவுக்கு வந்தது. ஒரே தடவைதான் போயிருந்தார். அப்போது அந்த அறையில் மின்விசிறி இல்லை. மாட்டுவதற்குக் கொக்கியே இல்லை. போன கோடையில் புதுசாக ஒன்று மாட்டிவிட்டோம் என்று அவள் அம்மாவிடம் போனில் சொன்னதாகக் கேள்வி.

இருட்ட ஆரம்பித்திருந்தது. பஸ் இறங்கி வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். அவர் கையைக்கூடக் கழுவாமல் போனை எடுத்தார்.

"சொல்லுங்கப்பா." குரல் சோர்ந்து இருந்தது. அழுதிருக்கிறாள்.

"வந்து சேந்துட்டீங்களா?"

"ம்."

"எங்க இருக்கே?"

"ரூம்ல. படுத்திருக்கேன். ஏன்ப்பா?"

போனில் மேலேயிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒரே சீராகச் சுற்றுகிற சத்தம், சுற்றுக்கு ஒருமுறை ஒரு சின்ன 'டக்'. நாள் முழுக்க இரும்பையே கேட்டுக்கொண்டிருந்த காதுக்கு அந்த 'டக்' தனியாகக் கேட்டது.

"அந்த ஃபேன்" என்றார் மறைக்காரர். "அது யாரு மாட்டுனதும்மா?"

 அவள் நிமிர்ந்து பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அடுத்தாற்போல் கட்டில் கிறீச்சிட்டது. ஸ்விட்ச் தட்டுகிற ஓசை கேட்டது. சுற்றுகிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. 'டக்', அப்புறம் நீண்ட இடைவெளி விட்டு இன்னொரு 'டக்'.

"ஏய்" என்றது அடுத்த அறையிலிருந்து மாப்பிள்ளையின் குரல். "ஃபேனை ஏன் நிறுத்துனே?"